தூணுக்கும் பல்க்ஹெட்டுக்கும் நடுவே ஒரு ஹோம் தியேட்டர்: கோணல் பேஸ்மென்டுக்கான முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1970களில் கட்டப்பட்ட வீடொன்றை வாங்கிக் குடியேறிய எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் பேஸ்மென்டின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்த உறவினர் தங்குவதும், பிள்ளைகள் மிருதங்கம் பழகுவதும், அரிசி மூட்டைகளும் குளிர்கால டயர்களும் அடுக்கிக் கிடப்பதும் அங்கேதான். அதே இடத்தில் ஒரு ஹோம் தியேட்டர் அமைக்கலாம் என்ற எண்ணம் வந்தவுடன் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, தள்ளுபடியில் கிடைக்கும் பெரிய திரையொன்றை வாங்கிவிட்டு, அதை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று தேடுவதாகும். நானும் அதைத்தான் செய்தேன். அந்தத் தவறைத் திருத்த எனக்கு இரண்டு குளிர்காலங்கள் பிடித்தன.

சதுரமாகவும் சீராகவும் இருக்கும் அறையில் எதிலிருந்து தொடங்கினாலும் பெரிய குற்றம் நேராது. தூணும் தாழ்ந்த கூரையும் எல் வடிவத் திருப்பமும் உள்ள அறையில், படம் பார்ப்பவரின் தலை எந்த இடத்தில் இருக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்து, மற்ற அனைத்தையும் அந்தப் புள்ளியிலிருந்து அளந்து வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கொள்கையின் மீதே நிற்கிறது.

எடுத்துக்காட்டாக எங்கள் அறையையே வைத்துக்கொள்வோம். நீளம் 20 அடி, அகலம் 12 அடி. மேற்குச் சுவரும் தெற்குச் சுவரும் முழுச் சுவர்கள். வடக்குச் சுவர் மேற்கு மூலையிலிருந்து 11 அடியில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் அறை எல் வடிவத்தில் திரும்பி, சலவை மெஷினும் ஃபர்னஸும் உள்ள பகுதிக்குத் திறக்கிறது. மேற்குச் சுவரிலிருந்து 14 அடியில் வீட்டின் நடுப் பீமும் அதை ஒட்டிய பிரதான டக்டும், அதாவது ஃபர்னஸின் சூடான காற்று போகும் பெரிய குழாயும், குறுக்கே ஓடுகின்றன. அவ்விரண்டையும் மூடும் பெட்டி போன்ற அமைப்பான பல்க்ஹெட், 2 அடி அகலத்துக்குத் தரையிலிருந்து 6 அடி 5 அங்குலம் வரை தாழ்ந்து நிற்கிறது. பீமைத் தாங்கும் இரும்புத் தூண் 15 அடியில், தெற்குச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி நிற்கிறது. கிழக்கு முனையில் மாடிப்படி இறங்குகிறது. உங்கள் அறையின் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

தண்ணீரும் காற்றும்

தியேட்டரைப் பற்றி நினைப்பதற்கு முன், அறை உலர்ந்ததா என்று பாருங்கள். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானதையும், 2024 ஜூலை 16ஆம் திகதி ஏறத்தாழ 98 மில்லிமீட்டர் கொட்டியதையும் இந்நகரத்தில் பேஸ்மென்ட் வைத்திருப்பவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளொன்றைக் கான்கிரீட் தரையில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் ஈரம் முத்து முத்தாகக் கோத்திருந்தால், கார்பெட்டையும் சோபாவையும் மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கழிவுநீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா, அடியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருந்தால் அது ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எது எப்படியிருந்தாலும், ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தனுப்பும் ரிசீவரையும் பவர் பாரையும் தரையில் வைக்காமல், ஓரடி உயரத்துக்கு மேலுள்ள தட்டிலேயே வையுங்கள்.

மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு பேஸ்மென்டில்தான் அதிகம் தேங்கும். கனடாவின் சுகாதாரத் துறை வகுத்துள்ள வழிகாட்டு அளவு ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல் ஆகும். குளிர்காலத்தில் மூன்று மாதம் வைத்து அளக்கும் சிறிய கருவி அதிக விலையில்லை. அறையை முடித்துவிட்டுத் தரையைத் துளைப்பதைக் காட்டிலும், முடிக்கும் முன் அளந்துவிடுவது நல்லது.

நகராதவற்றின் வரைபடம்

கட்டம் போட்ட தாளில் ஓரடிக்கு ஒரு கட்டமாக அறையை வரையுங்கள். நகர்த்த முடியாத அனைத்தையும் சிவப்பு மையில் குறியுங்கள்: தூண், பீம், டக்ட், படி, ஃபர்னஸ், சுடுநீர்த் தாங்கி, தரை வடிகால், வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு, மின் பிரேக்கர் பெட்டி. பிரேக்கர் பெட்டியின் முன் ஒரு மீட்டர் இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டுமென்பது இங்குள்ள மின் விதி. அதன் முன் சோபாவைப் போட்டு மறைக்கத் திட்டமிடாதீர்கள். வால்வையும் வடிகாலையும் மூடினால் திறந்து பார்க்கக்கூடிய சிறு கதவு வையுங்கள்.

உயரத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாமல் குறைந்தது ஆறு இடங்களில் அளக்க வேண்டும். பழைய வீடுகளின் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். மேல் தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்களின், அதாவது ஜாய்ஸ்டுகளின், அடிப்பக்கம் வரை எங்கள் அறையில் 7 அடி 5 அங்குலம் இருந்தது. பீமுக்கும் டக்டுக்கும் அடியில் 1.95 மீட்டராவது, அதாவது 6 அடி 5 அங்குலமாவது மிஞ்ச வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே கூரையின் கனத்தை முடிவு செய்யுங்கள்.

தூணை எடுத்துவிடலாமா என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் அதற்குப் பொறியாளரின் கணக்கும், நகரசபையின் கட்டட அனுமதியும், தடித்த இரும்புப் பீமும் வேண்டும். அந்தச் செலவில் தியேட்டரின் மற்ற வேலைகள் பெருமளவு முடிந்துவிடும். ரொறன்ரோவில் கட்டமைப்பை மாற்றாமலும் புதிய குழாய் வேலை செய்யாமலும் தனிக் குடியிருப்பாக மாற்றாமலும் பேஸ்மென்டை முடிப்பதற்குப் பொதுவாகக் கட்டட அனுமதி தேவைப்படுவதில்லை. மின்வேலை அப்படியல்ல: ஆளை வைத்துச் செய்தால் அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும்; வேலையை மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துப் பரிசோதனை பெறவும் வேண்டும்.

தலை இருக்கும் இடம்

முதல் முறை நான் திரையைத் தெற்கிலுள்ள நீளச் சுவரில் மாட்டினேன். பெரிய சுவர், பெரிய திரை, வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. சோபாவை எதிரே வடக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டபோது அதன் ஒரு பாதி சுவரில் சாய்ந்தது, மறுபாதி திறப்பின் முன் நின்றது. சுவரில் தலை சாய்த்திருந்த எனக்குப் பாஸ் ஒலி, அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலி, காதருகே குமுறியது, மறுகோடியில் இருந்த மச்சானோ, "சப்வூஃபரைப் போட மறந்துபோனியோ?" என்று கேட்டார். சப்வூஃபர் என்பது பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர். இருவர் உணர்ந்ததும் உண்மைதான்.

இதற்குக் காரணம் எளிது. அறையின் இரு எதிர்ச் சுவர்களுக்கிடையே தாழ்ந்த அதிர்வெண்கள் நின்றாடும். அவற்றில் முதலாவதைக் கண்டுபிடிக்க, 565ஐ அடிக்கணக்கிலுள்ள நீளத்தால் வகுத்தால் போதும். 20 அடிக்கு ஏறத்தாழ 28 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, முடிந்த கூரையின் 7 அடி 2 அங்குலத்துக்கு 79 ஹெர்ட்ஸ். சுவரை ஒட்டிய இடத்தில் இந்த ஒலிகள் எல்லாம் உச்சத்தில் இருக்கும்; அறையின் நட்டநடுவில் முதல் அலை ஏறக்குறைய காணாமற் போகும். ஆகவே தலையைப் பின்சுவரிலும் வைக்கக் கூடாது, நீளத்தின் சரிபாதியிலும் வைக்கக் கூடாது. முன்சுவரிலிருந்து நீளத்தின் ஐந்தில் மூன்று பங்கு தூரம் பெரும்பாலான அறைகளில் பாதுகாப்பான தொடக்கப் புள்ளி.

அதன்படி திரையை மேற்கிலுள்ள 12 அடிச் சுவருக்கு மாற்றி, தலையை 12 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தேன். அறை உடனே வழிக்கு வந்தது. 14 அடியில் தாழும் பல்க்ஹெட் தலைக்குப் பின்னால் போயிற்று, 15 அடியிலுள்ள தூண் சோபாவின் முதுகுக்குப் பின்னால் போயிற்று, படியிலிருந்து இறங்கி வருபவர் திரையை மறைக்காமல் பின்பக்கமாக நுழைந்தார். கோணல் அறையில் திசையைத் தேர்ந்தெடுக்க நான் இப்போது பயன்படுத்தும் சோதனை இதுதான்: சிவப்பு மையில் குறித்தவற்றுள் எத்தனை, பார்ப்பவரின் முதுகுப் பக்கம் போகின்றன என்று எண்ணுங்கள். அதிகமானவற்றைப் பின்னுக்குத் தள்ளும் திசையே சரியான திசை. சுவரின் நீளம் அதற்குப் பிறகுதான்.

வாங்குவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் நடித்துப் பாருங்கள். சுவரில் திரையின் அளவுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடக்கு நாற்காலியைக் குறித்த இடத்தில் போட்டு உட்காருங்கள். ஸ்பீக்கர் வரும் இடங்களில் அட்டைப் பெட்டிகளை அடுக்குங்கள். வீட்டிலேயே உயரமானவரைப் படியிலிருந்து இறங்கி வரச் சொல்லுங்கள். தாளில் தெரியாத இடைஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திரையின் அளவு

இப்போதுதான் திரை. கண்ணிலிருந்து திரையின் இரு ஓரங்களுக்கும் இடையிலுள்ள கோணம் 30 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையே இருப்பது வழக்கமான பரிந்துரை. 16க்கு 9 விகிதத் திரையின் அகலம், மூலைவிட்ட அளவில் 0.87 பங்கு. 110 அங்குலத் திரை 96 அங்குல அகலமும் 54 அங்குல உயரமும் கொண்டது. 12 அடியிலிருந்து பார்த்தால் அது 37 பாகை. திரையரங்கில் நடுவரிசைக்குச் சற்று முன்னால் உட்கார்ந்த உணர்வை அது தரும். நான் முதலில் வாங்கிய 120 அங்குலத் திரையின் உயரம் 59 அங்குலம். அதை 7 அடி 2 அங்குலக் கூரைக்கடியில் மாட்டினால் நடு ஸ்பீக்கருக்கான இடம் குறுகிப்போகும். கடைசியில் அது இன்னொருவர் வீட்டுக்குப் போயிற்று.

110 அங்குலத் திரையின் கீழ் விளிம்பைத் தரையிலிருந்து 24 அங்குலத்தில் வைத்தால் மேல் விளிம்பு 78 அங்குலத்தில் நிற்கும். கீழே நடு ஸ்பீக்கரைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வைக்க இடம் கிடைக்கும். தாழ்ந்த கூரையின் ஒரு நன்மையும் இங்கே உண்டு: திரையை மிக உயரத்தில் மாட்டும் பொதுவான பிழையை அது செய்ய விடாது.

தூணையும் பல்க்ஹெட்டையும் வேலைக்கு அமர்த்துதல்

இரண்டாம் வரிசைக்கு மேடை கட்டும் ஆசையைத் தாழ்ந்த பேஸ்மென்டில் கைவிட வேண்டும். ஓரடி மேடை போட்டால் பல்க்ஹெட்டின் அடியில் மிஞ்சுவது 5 அடி 5 அங்குலம்தான். நிமிர்ந்து நிற்க முடியாது. அதற்குப் பதிலாக, சோபாவின் முதுகுக்குப் பின்னால் தூண் நிற்கும் அதே கோட்டில் 14 அங்குல ஆழமுள்ள உயரமான பலகை மேடையொன்றை, பார் கவுண்டர் போல, அமைத்துவிட்டு உயர ஸ்டூல்களைப் போடுங்கள். தூண் அந்தப் பலகைக்குள் ஒரு காலாக மறைந்துவிடும்.

பார்வைக் கோட்டைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஸ்டூலில் இருப்பவரின் கண் திரையிலிருந்து 16 அடி தூரத்தில், தரையிலிருந்து 60 அங்குல உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து திரையின் கீழ் விளிம்புக்கு, அதாவது 24 அங்குலத்துக்கு, ஒரு கோடு இழுத்தால் அது 12 அடித் தூரத்தைக் கடக்கும்போது 51 அங்குல உயரத்தில் போகும். சோபாவில் இருப்பவரின் உச்சந்தலை 45 அங்குலம். ஆறு அங்குலம் மிச்சம். கொண்டை போட்டவர் முன்னால் இருந்தாலும் தெரியும். இந்த ஒரு கணக்கை உங்கள் அளவுகளோடு போட்டுப் பார்த்த பிறகே எந்த ஸ்டூலையும் வாங்குங்கள்.

புரொஜெக்டரையும் பல்க்ஹெட்டே தாங்கும். திரையிலிருந்து 13 அடியில் லென்ஸ் இருக்குமாறு கூரையில் தொங்கவிட்டால் அதன் உடல் பல்க்ஹெட்டின் முன்முகத்தோடு ஒடுங்கிக்கொள்ளும். தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தால் வருவது 1.63, வாங்கப்போகும் புரொஜெக்டரின் எறிவிகித வரம்புக்குள் இந்த எண் விழ வேண்டும். லென்ஸ் நடுக்கோட்டில் வராமல் டக்டோ விளக்கோ தடுக்குமானால், லென்ஸையே நகர்த்தும் வசதியுள்ள மாதிரியைத் தேடுங்கள். படத்தை மென்பொருளால் இழுத்து நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தை நம்பி அமைக்காதீர்கள், அது கூர்மையைத் தின்றுவிடும். வெளிச்சத்துக்கும் எளிய கணக்கு உண்டு: இருட்டறையில் சதுர அடிக்கு 16 லூமென் போதும். நம் திரை 36 சதுர அடி, ஆகவே 576 லூமென். பெட்டியில் அச்சிட்ட ஆயிரக்கணக்கான லூமென்களில் நல்ல நிறத்தோடு கிடைப்பது பாதியோ அதற்கும் குறைவோதான் என்றாலும், பேஸ்மென்டுக்கு அது தாராளம். கூரை மிகத் தாழ்ந்தோ டக்ட் திரைக்கு முன்னாலேயே தொங்கியோ இருந்தால், சுவருக்கு ஓரிரண்டு அடி தள்ளி மேசைமேல் வைக்கும் மிகக் குறுந்தூரப் புரொஜெக்டரோ பெரிய டிவியோதான் வழி.

ஒரு பக்கம் சுவரில்லாத அறையில் ஸ்பீக்கர்கள்

முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் தலையிலிருந்து பார்க்கும்போது நடுக்கோட்டுக்கு இருபுறமும் 22 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும். 12 அடி அகல அறையில் அவை பக்கச் சுவர்களை ஒட்டி வந்துவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் முதல் எதிரொலியைத் தடுக்க, நீங்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்க இன்னொருவர் ஒரு கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் இரண்டு முதல் நான்கு அங்குலத் தடிப்புள்ள ஒலியுறிஞ்சிப் பலகையை மாட்டுங்கள்.

பின் ஸ்பீக்கர்களில்தான் எல் வடிவம் தன் குணத்தைக் காட்டும். நம் அறையில் திரையைப் பார்த்து உட்கார்ந்தால் வலப்பக்கம் 11 அடிக்குப் பின் சுவரேயில்லை. இடப்பக்க ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டிவிட்டு, வலப்பக்கத்துடையதைச் சலவை அறையின் தூரத்துச் சுவரில் மாட்டுவோர் உண்டு. ரிசீவர் தாமதத்தைச் சரிசெய்துகொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் கோணத்தை அது சரிசெய்யாது. இங்கும் பல்க்ஹெட்டே உதவிக்கு வந்தது. அதன் முன்முகம் தலைக்கு 2 அடி பின்னால் இருக்கிறது. அதன் இரு முனைகளிலும், நடுக்கோட்டிலிருந்து ஐந்தரை அடி தள்ளிக் குழாய்த் தாங்கியில் தொங்கவிட்ட ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 110 பாகையில் வந்து நின்றன. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 அமைப்புக்குச் சொல்லப்படும் கோணமும் அதுவே. திறப்புப் பக்கத்தில் தொங்குவதன் அடியில் ஒரு குட்டைப் புத்தக அலமாரியை வைத்தேன், இல்லையென்றால் துணிக்கூடையோடு வருபவரின் நெற்றி அதைத் தேடிப்பிடிக்கும்.

இப்படிப்பட்ட அறையில், இன்னும் இரண்டு ஸ்பீக்கர் சேர்த்த 7.1க்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. சரியாக வைத்த ஐந்து, கிடைத்த இடத்தில் வைத்த ஏழைவிட நன்று. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் வேண்டுமென்போர், கூரையில் ஒலியை மோதவிட்டுத் திருப்பும் மேல்நோக்கு ஸ்பீக்கர்களை இங்கே தவிர்க்கலாம். அவை ஏழரை அடிக்குக் குறையாத, தட்டையான கூரைக்கென்றே சொல்லப்பட்டவை. தலைக்கு மேல் கூரையில் ஒரு சோடி பதிப்பதற்கான வயரை மட்டும் இப்போதே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்: தவழ்ந்து கண்டுபிடிக்க வேண்டியது

சுவர்களுக்கிடையிலான கணக்கு நாற்கோண அறைக்கு ஓரளவு பொருந்தும். எல் வடிவத்தில் ஒலி எந்தத் திருப்பத்துக்குள் போய் எங்கே மெலியும் என்பதைக் கணக்கால் மட்டும் சொல்லிவிட முடியாது. ஆகவே பழைய தந்திரமொன்றைச் செய்யுங்கள். சப்வூஃபரைத் தூக்கி, உங்கள் தலை இருக்கப்போகும் சோபாவின் மீதே வையுங்கள். பாஸ் நிறைந்த ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீங்கள் முழங்காலிட்டுச் சுவரோரமாகத் தவழுங்கள். எங்கே ஒலி குமுறாமலும் வற்றாமலும் சீராகக் கேட்கிறதோ அங்கே சாக்குக்கட்டியால் ஒரு குறி போடுங்கள். பிறகு சப்வூஃபரை அந்த இடத்துக்கு மாற்றினால் சோபாவில் அதே ஒலி கேட்கும். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது படியில் வந்து நின்ற அம்மா, "என்ன தொலைச்சனீ?" என்று கேட்டார். மூன்று இடங்களில் குறி போட்டேன், மூன்றில் இரண்டு நான் நினைத்தே பார்க்காத இடங்கள்.

பெரிய ஒன்றைவிடச் சிறிய இரண்டு சப்வூஃபர்கள் கோணல் அறைக்கு ஏற்றவை. ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆய்வு மன்றத்தில் 1965 முதல் 1991 வரை ஒலிபெருக்கிகளை ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல் பின்னர் சேர்ந்த ஹார்மன் நிறுவனத்தில், டாட் வெல்டி என்பவர் எத்தனை சப்வூஃபர்கள் போதும் என்ற கேள்வியை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே ஒவ்வொன்றாக இரண்டு வைத்தாலே இருக்கைக்கு இருக்கை உள்ள வேறுபாடு பெருமளவு குறையும் என்பது அதன் சாரம். அவர் எடுத்துக்கொண்டது நாற்கோண அறை. நம்முடையதில் எதிர்ச்சுவர் பாதியில் நின்றுவிடுவதால், ஒன்றைத் திரைச் சுவரின் நடுப்பக்கத்திலும் மற்றதைத் தவழ்ந்து கண்ட குறியிலும் வைத்துத் தொடங்குங்கள். ரிசீவரில் கிராஸ்ஓவரை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழுள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆகவே சப்வூஃபர் பின்னால் இருந்தாலும் குறையில்லை.

மேல்மாடியில் தூங்குபவர்களுக்காக

ஒலி தடுப்பு வேறு, ஒலி உறிஞ்சல் வேறு. சுவரில் ஒட்டும் நுரைத்துண்டுகள் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், மேலே போகும் ஒலியை நிறுத்தா. மேலே போவதைத் தடுக்க எடையும், இடைவெளியும், காற்றுக்கசிவு இல்லாமையும் வேண்டும். ஜாய்ஸ்டுகளுக்கிடையே பாறைக் கம்பளியை நிரப்பி, ரப்பர் பொருத்திய கிளிப்பில் இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் ஐந்தெட்டாம் அங்குல ட்ரைவாலை இரண்டு அடுக்காக, நடுவே ஒலித்தணிப்புப் பசையிட்டுப் பூட்டுவது நன்கு சோதிக்கப்பட்ட முறை. இவையனைத்தும் இரண்டேமுக்கால் அங்குலத்தை விழுங்கும். 7 அடி 5 அங்குலம் 7 அடி 2 அங்குலமானது இப்படித்தான். உங்களிடம் 7 அடிதான் இருக்கிறதென்றால் கிளிப்பை விட்டுவிட்டுக் கம்பளியும் இரட்டை ட்ரைவாலும் போதுமென்று நிறுத்துவதே விவேகம்.

இத்தனையும் செய்த பிறகும் ஒலி ஏறும் வழி ஒன்று உண்டு, அது டக்ட். தியேட்டருக்குச் சூடு தரும் கிளைக்குழாய் மேலே படுக்கையறைக்குப் போகும் குழாயோடு நேரடியாக இணைந்திருந்தால், அது இரண்டு அறைகளுக்கும் இடையே போட்ட தொலைபேசி போன்றது. கிளைக்குழாயை உட்புறம் ஒலியுறிஞ்சி பூசிய வளைகுழாயாக மாற்றி, ஓரிரு திருப்பம் கொடுத்தால் பேச்சொலி அடங்கும். பாஸ் முழுதாக அடங்காது. ஃபர்னஸ் அறைக்குக் கனமான கதவு போடலாம், ஆனால் ஃபர்னஸுக்கு எரிவதற்கான காற்று தேவையென்பதால், உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரைக் கேட்காமல் அந்த அறையை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைட் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம்.

கூரையை மூடுவதற்கு முன்

என் இரண்டாவது குளிர்காலம் வீணானது இங்கேதான். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஒப்பந்தக்காரர் வயர்க்குழாயைப் பதிக்காமலே கூரையை மூடிவிட்டார். பசை காய்ந்த புதிய இரட்டை ட்ரைவாலை 13 அடி நீளத்துக்கு வெட்டியெடுக்கும் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே, ரிசீவர் இருக்கும் இடத்திலிருந்து புரொஜெக்டர் வரை இரண்டு அங்குலக் குழாயொன்றை, உள்ளே ஓர் இழுகயிற்றோடு, நீங்களே நின்று போடச் செய்யுங்கள். எச்டிஎம்ஐ செருகியின் தலை பருமனானது, சிறிய குழாயின் வளைவில் சிக்கிக்கொள்ளும். ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்குச் செம்பு எச்டிஎம்ஐ வயரை நம்பாமல் ஒளியிழை வயரை வாங்குங்கள். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டென்பதால் அம்புக்குறியைப் பார்த்து இழுங்கள்.

ஸ்பீக்கர்களுக்கு 14 கேஜ் செம்பு வயர் போதும், சுவருக்குள் ஓடுவதற்கான முத்திரை அதில் இருக்க வேண்டும். மின்வயரோடு இணையாக ஓட நேர்ந்தால் ஓரடி விலக்குங்கள், கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கவிடுங்கள். தனியாக ஒரு 15 ஆம்பியர் சர்க்யூட் கேளுங்கள்: 120 வோல்ட்டில் அது 1,800 வாட், தொடர்ந்து இழுக்க 1,440 வாட். ரிசீவர், புரொஜெக்டர், இரண்டு சப்வூஃபர்கள் அனைத்துக்கும் அது போதும்; சலவை மெஷின் ஓடும்போது படம் நிற்காது. ட்ரைவால் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

நிறமும் திரைச்சீலையும்

திரைக்கு முன்னுள்ள முதல் ஆறடிக் கூரையும் பக்கச் சுவர்களும் மினுக்கமில்லாத கடும் நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைக் கூரை திரையின் ஒளியைத் திருப்பியடித்துக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். எல் திறப்பில் தரைதொடும் கனமான சீலையொன்றைத் தொங்கவிட்டால் சலவை அறையின் வெளிச்சமும் மெஷின்களின் சலசலப்பும் குறையும், பாஸுக்கு அது ஒரு பொருட்டல்ல. பல்க்ஹெட்டின் விளிம்பில் மட்டும் மெல்லிய ஒளிநாடா ஒன்று ஒட்டுங்கள். இருட்டில் 6 அடி 5 அங்குலம் என்பது எவ்வளவு தாழ்வு என்று உயரமான விருந்தினர் ஒருவர் வந்தால் தெரியும்.

ஒலியைச் சீரமைத்தல்

ரிசீவரோடு வரும் மைக்கை முக்காலியில் காது உயரத்துக்கு, சோபாவின் நடு இருக்கையில் நிறுத்தி, ஃபர்னஸின் விசிறி ஓடாத நேரம் பார்த்துத் தானியங்கிச் சீரமைப்பை ஓடவிடுங்கள். பிறகு அது எழுதிய தூரங்களை நாடாவால் அளந்து சரிபாருங்கள். சப்வூஃபருக்கு உண்மையைவிட அதிகத் தூரம் காட்டுவது வழக்கம், அதை மாற்றாதீர்கள். உள்ளிருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் அது சேர்த்தே கணக்கிடுகிறது. மற்றவை அரையடிக்கு மேல் தவறினால் மீண்டும் அளக்கச் செய்யுங்கள். இன்னும் ஆழமாகப் போக விரும்புவோர் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் யூஎஸ்பி மைக் ஒன்றையும் கொண்டு 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான வரைகோட்டைப் பார்க்கலாம். கோட்டிலுள்ள மேடுகளை, அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் தணிக்கலாம். பள்ளங்களை நிரப்ப முயல வேண்டாம், ஆம்ப்ளிஃபயர்தான் களைக்கும்.

பள்ளம் இருந்தால் இருக்கையை நகர்த்துங்கள். எங்கள் அறையில் 47 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒரு பெரும் பள்ளம் இருந்தது. 12 அடி அகலத்தின் நட்டநடுவில் தலை இருந்ததே காரணம். சோபாவை இடப்பக்கமாக ஏழு அங்குலம் தள்ளியதும் பள்ளத்தில் பாதி நிரம்பிவிட்டது. திரைக்கும் சோபாவுக்கும் இப்போது நடுக்கோடு ஒன்றல்ல, ஆனால் இதுவரை வந்தவர்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.